ஸ்கூட்டர்களுக்கும் சார்ஜிங் வசதி தேவை

ஐயா,

சிறு நகரப் பேருந்து நிலையங்களில் மின்வாகன சார்ஜிங் நிலையம் அமைப்பது குறித்த செய்தி கண்டேன். வரவேற்கிறேன். ஆனால் அதில் சொல்லப்பட்டுள்ள 'சிசிஎஸ் 2' என்னும் இணைப்பு வகை விரைவு சார்ஜர் கார்களுக்கானது. இங்கு அதிகம் ஓடுபவை ஸ்கூட்டர்கள். 3 கிலோவாட் மணி பேட்டரி, 750 வாட் சார்ஜரில் நிரம்ப நான்கைந்து மணி நேரமாகும். காலையில் வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் பேருந்து ஏறுவோருக்கு, வாகனக் காப்பகத்தில் 16 ஆம்பியர் சாக்கெட் இருந்தாலே போதும்.

பொது இடச் சாக்கெட்டுகள் கருகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய கம்பியும் தளர்ந்த இணைப்பும் மணிக்கணக்கான சுமையைத் தாங்காது. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி எம்சிபி (சுமை மிகும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவின்போது துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் ஆகியவற்றைக் காப்பக ஒப்பந்தத்திலேயே நகராட்சிகள் நிபந்தனையாக்க வேண்டும்.