செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் தோட்டச் சங்கத்தின் விதைப் பகிர்வும் ஆடி மாதக் கன்று வழங்கலும் வழக்கம்போல் நடந்தன. மாடித்தோட்டப் போட்டிக்கு விண்ணப்பங்கள் குறைவு.

ஆண்டின் பெரும்பணி, தோட்ட வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்கு நடத்திய மூங்கில் பயிற்சி. “மூங்கிலுக்கு இத்தனை செலவா?” என்று குழுவில் கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வரைபடத்தில் மூங்கில் என்று எழுதிவிட்டால் போதும் என்றே மாணவர்கள் வந்தார்கள். கல்மூங்கில் தூருக்குத் தூர் 5 மீட்டர் கேட்கும். வேலி மூங்கிலை 1 மீட்டருக்கு ஒன்றாக வைக்கலாம். முள் மூங்கிலை நடைபாதை அருகே வைக்கவே கூடாது. இந்த வேறுபாடு புரிந்த பிறகே மண்வெட்டி கொடுத்தோம். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில், 2017 திருத்தத்துக்குப் பிறகு இந்திய வனச் சட்டத்தில் ‘மரம்’ அல்ல என்பதும் பலருக்குப் புதுச் செய்தி.

கன்றுக்கு மஞ்சள் மூங்கிலில் இரண்டு கணுப் போத்து, அதாவது நட்டு வேர்விட வைக்கும் கழித் துண்டு, எடுத்தோம். இரண்டு வயதுக் கழி, இரு கணுக்களுக்கும் வெளியே நான்கு விரல் விட்டு வெட்டு, நடுவில் ஒரு துளை, உள்ளே தண்ணீர், துளை மேலே பார்க்கும்படி மணலில் கிடத்தி மூடுதல். துளை போடும்போது விரிசல் விட்டவற்றில் தண்ணீர் கசிந்து போத்து காய்ந்தது. இலையைப் பார்த்ததும் ஒரே மாதத்தில் பிடுங்கி நட்டவை பட்டுப்போயின. இலை முந்தும், வேர் பிடிக்க 2 முதல் 3 மாதம் ஆகும்.

விழாவுக்காகப் பூங்காவில் நாம் கட்டிய மூங்கில் பந்தல் வண்டரித்து உளுத்துவிட்டது; அதற்குப் பயிற்சியைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விழாத் தேதிக்காக ஒரு வயதுக் கழிகளை வாங்கி, ஊறவைக்காமல் கட்டினோம். கழியிலுள்ள மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. மூன்று வயது நிறைந்த கழியைக் கணுத் தடுப்புகளைத் துளைத்து, 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ போராக்ஸும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, பத்து நாள் ஊறவைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் திறந்தவெளி மழையில் மருந்து கரைந்துவிடும். மேலே கூரை வேண்டும், கால்கள் மண்ணைத் தொடாமல் கல்லில் நிற்க வேண்டும். கழியின் வயதில் இனி ஏமாறாதிருக்க, அந்தந்த ஆண்டின் புதுக் கழிகளுக்கு ஆண்டுக்கு ஒரு நிறமாகப் பெயிண்ட் பட்டை அடிக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். கன்று, ஊறல் தொட்டி இவற்றுக்கே பெரும்பகுதி போனது; நன்கொடையால் சமாளித்தோம். சந்தா பாக்கி மட்டும் வந்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிராது. ஞாயிற்றுக்கிழமைப் பணிக்கு ஒருநாளும் வராதவர்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல். வந்த சிலருக்கும், தண்ணீர் தந்த பூங்காக் காவலருக்கும் நன்றி.

வேர் பிடித்த கன்றுகள் நாற்றங்காலில் காத்திருக்கின்றன. 60 செ.மீ. குழி, மட்கிய தொழுவுரம் எல்லாம் தயார். நட்ட பின் முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வாரம் இருவராவது தேவை. ஆள் சேராவிட்டால் கன்றுகளை வெளியே கொடுத்துவிட வேண்டியதுதான். தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியலும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசல் மேசையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்