கல்லைக் கவிழ்த்து வைத்தவருக்கு

நண்பர்களே,

நேற்று மாலைதான் தேர்வுக் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. நடுகற்களைப் (சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்கள்) பற்றிய என் நூலுக்குக் கொடுத்த விருது விருதாகவே இருக்கிறதாம். நடந்தது உங்களுக்குத் தெரியும், அந்தப் பத்து நாளை மறுபடி கிளற மனமில்லை. நூலில் உள்ள ஒரு கல்லைச் சொல்லி, "அப்படியொரு நடுகல்லே கிடையாது" என்றவர் மீதும் எனக்குக் கோபமில்லை. அவர் போய்ப் பார்த்தபோது அங்கே கல் இல்லைதானே! வட்டார வரலாறு எழுதுகிறவனிடம் சான்று கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? மைப்படியை, அதாவது கல்லின் எழுத்தைத் தாளில் மையால் ஒற்றியெடுத்த நகலை, பத்திரப்படுத்தாமல் விட்டது என் தப்பு.

செங்கம் பக்கத்தில் அந்தக் கல் இருந்த சாலையோரத்தில் நின்று விசாரித்தபோது, "வேடியப்பன் கல்லா? ஜேசிபிக்காரர்தான் எடுத்தார்" என்றார்கள். எங்கள் பக்கம் நடுகல்லில் இருப்பவர் எல்லோருமே வேடியப்பன்தான். எப்படியோ அவர் எண் கிடைத்தது. உடைத்து ஜல்லியோடு போட்டிருப்பார் என்றே நினைத்துப் பேசினேன். "எங்கயும் போகல சார், புளியமரத்துக்குப் பின்னாடி இருக்கு. இருங்க, நானே வர்றேன்" என்றார். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வண்டியில் வந்தார்.

கல் குப்புறக் கிடந்தது. நாலு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டினோம். அடியில் உரச் சாக்கு, அதன்மேல் வைக்கோல். வைக்கோல் மக்கிக் கறுத்து எழுத்தோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கையாலேயே துடைத்தோம். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. "எழுத்து இருந்துச்சு சார். பக்கெட் பல்லு பட்டா போயிரும்னு பெல்ட் போட்டுத் தூக்கினேன்" என்றார். அவரிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அது என்ன எழுத்து என்றும் அவருக்குத் தெரியாது.

மாலை வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான் வட்டெழுத்து, அந்தப் பழைய தமிழ் எழுத்து, தெளிந்தது. படித்துக் காட்டச் சொன்னார். தொறு மீட்டுப் பட்டான் என்ற இடத்தில் நிறுத்தினார். "தொறுன்னா?" மாட்டு மந்தை, அதை மீட்டு உயிர்விட்டான் என்றேன். அப்புறம் பேச்சுவாக்கில் எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி, பக்கத்திலேயே அவனுடைய நாய். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதென்று நாய்க்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"நாய்க்கு பேரோடயா சார்?"

பேரோடுதான். கோவிவன்.

கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். ஒரே இரவில் புதிதாக மைப்படி எடுத்துத் தந்த இரு மாணவர்கள், படித்ததைச் சரிபார்த்த கல்வெட்டறிஞர், கடன் கேட்காமலே கொடுத்த அச்சகத்து நண்பர், கல்லைப் பார்க்க நேரிலேயே வந்த நடுவர்கள், எனக்காக முன்பின் தெரியாதவர்களிடம் சண்டை போட்ட நீங்கள் எல்லோரும் (அதைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்!). எல்லோருக்கும் நன்றி.

என் முன்னுரையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். நூலகங்கள், பேராசிரியர்கள் என்று இரண்டு பக்கத்துக்கு நன்றி. கல்லுக்கு எண்ணெய் தடவிப் பொட்டு வைத்து இத்தனை காலம் காத்தவர்கள் ஒரு வரியில்கூட இல்லை. கூச்சமாக இருந்தது. இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு கல்லின் கீழும், அதை எனக்குக் காட்டியவர் பெயரும் காத்தவர் பெயரும் வரும். மைப்படி இனி இரண்டு பிரதி, ஒன்று என் வீட்டில் இருக்காது.

இவர் பெயரையும் கேட்டேன். "பேரெல்லாம் வேணாம் சார், காண்ட்ராக்டர் திட்டுவாரு" என்கிறார். சரி, ஒப்புக்கொள்ளும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். புத்தகம் மட்டும் ஒன்று வேண்டுமாம், மகள் ஏழாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.