கடை விலாசத்துக்குப் பதில் போடு

தொப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நைட் டியூட்டி முடிந்து வந்ததும் அப்படியே போய்ப் படுத்துவிடாதே. இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும், அப்புறம் தூங்கு. போன வாரம் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டாய். இண்டர்ன்ஷிப்பில் வேலை அதிகம்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் பெற்றவனுக்கு ஒரு நிமிஷம்கூடவா கிடைக்காது? கோபத்தில் எழுதவில்லை. உன் குரல் சரியில்லை, அதனால்தான். உன் ரூம் பெண் அம்மாவிடம் ஏதோ சொன்னாளாம். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.

நீ இந்தப் படிப்பில் சேர்ந்தபோது சொந்தத்தில் எல்லோரும் "நர்ஸா, லேப்பா?" என்று கேட்டார்கள். ஆக்சிடெண்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி என்று எனக்குச் சேர்ந்தாற்போலச் சொல்லக்கூட வரவில்லை. மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இண்டர்ன்ஷிப் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன். இப்போது கேட்டால், ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் இறங்கினதும் ஓடி வந்து பார்க்கிறவள் என் பெண் என்கிறேன். பொங்கல் லீவில் தலையணையை வைத்து அமுக்கிக் காட்டினாயே. நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு. மாமா கட்டிலில் இருந்தபடியே எண்ணினான். அவன் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கணவாய் இறக்கத்தில், நம் கடைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு லாரி பைக்கைத் தட்டிவிட்டது. நான் போவதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். "தூக்குடா, தண்ணி குடுடா" என்று ஒரே சத்தம். யாரும் தொடக்கூடாது என்று கத்தினேன். நீ காட்டினபடி தலைப்பக்கம் மண்டியிட்டு, இரண்டு முழங்கையையும் ரோட்டில் ஊன்றி, தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் பிடித்துக்கொண்டேன். தார் கொதித்தது. முட்டி இன்னும் எரிகிறது. 108 வந்ததும் அதில் வந்த பையன், அடிபட்டவன் கழுத்துக்குக் காலர் மாட்டிவிட்டு, "எங்கேண்ணா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான். என் பொண்ணு சொல்லிக் கொடுத்தது என்றேன். போலீஸும் வந்தது. என்னை ஒன்றும் தொந்தரவு செய்யவில்லை. விபத்தில் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்தார்கள் என்று நீ படித்துக் காட்டின 134ஏ பிரிவு அப்போது ஞாபகம் வந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

2006 பங்குனி. உனக்கு இரண்டு வயசு. 108 எல்லாம் 2008 செப்டம்பரில்தானே நம் தமிழ்நாட்டுக்கு வந்தது. மாமா புளி உலுக்க ஏறி விழுந்தது உனக்குத் தெரியும். உனக்கும் அம்மாவுக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. விழுந்து கிடந்தவன் "என் செருப்பு எங்கே மாமா?" என்று கேட்டான். எடுத்து வலது காலில் மாட்டினேன். கட்டைவிரலை மடக்கி அவனே நுழைத்துக்கொண்டான். என் கண்ணால் பார்த்தேன் பாப்பா. அதற்கப்புறம்தான் நான் தோளைப் பிடித்தேன், இன்னொருத்தர் காலைப் பிடித்தார். மூட்டையை மடக்குகிற மாதிரி மடக்கி டெம்போவில் போட்டோம். தலையைத் தூக்கிச் சோடா கொடுத்தேன். தர்மபுரி போய்ச் சேர்வதற்குள், "கால் எங்கே இருக்குன்னே தெரியலை மாமா" என்றான்.

விழுந்ததில் போச்சு என்று ஊரே சொன்னது. நானும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா இன்றைக்கும் அந்த மரத்துப் புளியைத் தொடுவதில்லை. முதுகு அடிபட்டவர்களைத் தப்பாகத் தூக்கினால் நரம்பு போய்விடும் என்று பொங்கல் அன்று நீ சொன்னதும், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறேன் என்று எழுந்து போனேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

நான் தெரியாமல் செய்தவன். நீ நாலு வருஷம் கற்றுக்கொண்ட கையால் செய்கிறவள். உன் கையில் வந்த எல்லோரும் பிழைத்துவிடுவார்களா பாப்பா? சரி, கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். சாப்பிடு. வெறும் வயிற்றில் தூங்காதே.

விரல் மடங்கியது நிஜம். நான் தூக்காமல் இருந்திருந்தால் அவன் நடந்திருப்பானா? என் மனசுக்காக எதையும் மாற்றி எழுதாதே. படித்ததை அப்படியே எழுது.

இதோடு இரண்டு கிலோ புளி அனுப்புகிறேன். நம் வீட்டு வாசல் மரத்துப் புளிதான். உட்கார்ந்து கொட்டை எடுத்தது உன் மாமா. பதிலை வீட்டுக்குப் போடாதே, அம்மா பிரித்துவிடுவாள். கடை விலாசத்துக்குப் போடு.

அப்பா