சோளகத்தை முதுகில் வாங்கி ஓடு

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் இங்கே நெதர்லாந்தில் ஓடப்போகிற சைக்கிள் பயணத்துக்கு நீ அனுப்பிய எக்செல் தாளை அப்பா அச்செடுத்துத் தந்தார். ஆறு நாள், ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி மிடில்பேர்க் வரை, ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணிக்கு எங்கே சாப்பாடு என்று எல்லாம் வடிவாகப் போட்டிருக்கிறாய். ஒல்லாந்தர் எங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு வைத்த பேர்களைத் தேடி, அந்த ஊர்களையே பாதையாக இணைத்ததும் எனக்குப் பிடித்துக்கொண்டது. காரைநகர் ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், வேலணை லைடன், நெடுந்தீவு டெல்ஃப்ட், அனலைதீவு றொட்டர்டாம், எங்கள் புங்குடுதீவு மிடில்பேர்க். மாமா வீட்டில் கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

ஆனால் அந்தத் தாளில் காற்றுக்கு ஒரு பெட்டி இல்லை. அதனால் முழுத் தாளையும் தலைகீழாகத் திருப்பச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

"தட்டை நிலம், ஏற்றமே இல்லை" என்று எழுதியிருக்கிறாய். ஏற்றம் இல்லைதான். ஏற்றமென்றால் ஏறி முடிந்ததும் ஓர் இறக்கமாவது வரும். எதிர்க்காற்றுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒரு மரம்கூட இல்லாத அணையில் காலையில் நெஞ்சில் அடிக்கத் தொடங்கினால் பின்னேரம் வரை அதே அடிதான். இங்கே வருசத்தில் கூடுதலான நாள் வீசுவது தென்மேற்குக் காற்று, ஊரில் சோளகம் என்போமே, அந்தத் திசை. நீ போட்ட பாதையோ வடக்கிலிருந்து தென்மேற்காக இறங்குகிறது. ஆறு நாளும் சோளகத்தின் வாய்க்குள்ளேயே ஓடப் பார்க்கிறாய். அதே பாதையை மிடில்பேர்க்கில் தொடங்கி ஆம்ஸ்டர்டாமில் முடி. புங்குடுதீவில் புறப்பட்டுக் காரைநகருக்குப் போய்ச் சேர்ந்தாய் என்று சம்பந்தி வீட்டுக்கும் சொல்லலாம்.

அம்மா கூட்டிச் சொல்கிறாள் என்று சிரிக்காதே. ஊஸ்டர்ஸ்கெல்டே என்ற கடல்வாயின் குறுக்கே கட்டின அணையில் எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடுவதற்கென்றே ஒரு தேசியப் போட்டி இருக்கிறது. 2013இல் தொடங்கினார்கள். நல்ல புயல் வரப்போகிறதென்று தெரிந்த பிறகுதான் போட்டி நாளையே அறிவிப்பார்கள். கியர் இல்லாத சைக்கிள், எட்டரைக் கிலோமீற்றர். அதே அணை உன் தாளில் ஐந்தாம் நாள் பின்னேரம், "சுலபம்" என்ற குறிப்போடு இருக்கிறது!

சோளகம் தவறாமல் வீசும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். வசந்தகாலத்தில் வாடையும் கிழக்குக் காற்றும் அடிக்கடி வரும், ஜூன் மாதமும் விதிவிலக்கு இல்லை. உள்நாட்டு ரயிலுக்கு இடம் பதிய வேண்டியதில்லை என்பதால் எந்த முனையில் தொடங்குவதென்று கடைசியில் முடிவெடுக்கலாம். படுக்கைக்குத்தான் முன்பதிவு வேண்டும், அதை ரத்துச் செய்யக்கூடியதாகப் பார்த்துப் பதி. புறப்பட மூன்று நாளைக்கு முதல் வானிலையைப் பார்ப்போம். வாடைதான் என்றால் உன் தாள் வென்றது.

ரயிலில் சைக்கிள் ஏற்றத் தனி ரிக்கெற் எடுக்க வேண்டும். வார நாட்களில் காலை 6.30 முதல் 9 மணி வரையும், பின்னேரம் 4 முதல் 6.30 வரையும் ஏற்ற விடமாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்தத் தடை இல்லை, ஆனால் நீ வருவது ஜூனில். ஆகவே வந்து இரண்டு நாள் இங்கே லைடனில் எங்களோடு நின்று நித்திரைக் கணக்கைச் சரிசெய்துகொண்டு, ஒன்பது மணிக்குப் பிறகு இங்கேயே ரயில் ஏறுங்கள். மத்தியானத்துக்குள் மிடில்பேர்க்.

இனித் தூரம். ஒரு நாளுக்கு எண்பது என்று போட்டிருக்கிறாய். உன்னால் முடியும், தெரியும். மருமகளிடம் கேட்டாயா? நாற்பது, ஐம்பது போதும். இந்த நாட்டில் இரண்டு ஊருக்கு நடுவில் பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்து ஓடுகிறவர்கள்தான் எண்பது போடுவார்கள். வாய்க்கால் பாலம் ஒரு படகுக்காகத் தூக்கினால் அங்கே பத்து நிமிடம் போய்விடும், அது நிற்கிறதற்கு நல்ல சாட்டு.

முதல் நாள் மிடில்பேர்க்கில் பாண் கடையொன்றில் போலுஸ் வாங்கு. கறுவாவும் மண்ணிறச் சீனியும் உருகி ஒட்டின சுருள் பணிஸ், ஸேலாந்து மாகாணத்துச் சாமான். மேல்பக்கம் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், அதனால் தட்டையான அடிப்பக்கத்தைத் திருப்பி அதில் பட்டர் பூசிச் சாப்பிடுவார்கள். எங்கள் நாட்டுக் கறுவாவை ஏற்றிவந்த ஒல்லாந்துக் கும்பனிக்கு இந்த ஊரிலும் ஒரு கிளை இருந்தது. அதை நினைத்துக்கொண்டு நான் எப்போதும் இரண்டு வாங்குவேன்.

அங்கிருந்து வேரே என்ற ஊர் வழியாக அந்த ஊஸ்டர்ஸ்கெல்டே அணைக்கு வா. இந்த ஒரு இடத்தில் மட்டும் மணிக்கூட்டைப் பார்க்காதே. 1953 ஜனவரி 31 இரவு கடல் உள்ளே வந்து இந்த நாட்டில் 1,836 பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கடல்வாய்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தவர்கள் இதையும் மண்ணால் மூடத்தான் இருந்தார்கள். மூடினால் உப்புத் தண்ணீர் நின்றுபோகும், சிப்பியும் மட்டியும் மீனும் அழிந்துபோகும் என்று மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் 62 இரும்புக் கதவுகள் வைத்துக் கட்டி 1986இல் திறந்தார்கள். சாதாரண நாளில் கதவெல்லாம் மேலே, கடல் தன்பாட்டில் போய் வரும். புயலுக்கு மட்டும் இறக்குவார்கள். வற்றுக்கும் பெருக்குக்கும் நடுவில், தண்ணீர் வேகமாய் ஓடுகிற நேரமாகப் பார்த்து நில்லு. கதவுகளுக்கு அடியால் தண்ணீர் திரண்டு சுழித்துப் பாய்கிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பது கேட்காது. தீவில் பிறந்த எனக்கே அந்தக் கடலைப் பார்க்கக் கொஞ்சம் பயம்.

இரவு பேர்க்-ஹாம்ஸ்டேட பக்கம் தங்கலாம். அடுத்த நாள் ப்ரௌவர்ஸ்டாம் அணை, ஹாரிங்வ்லீட் அணை என்று தாண்டி ஹெல்லவுட்ஸ்லௌஸ். அது ஞாயிற்றுக்கிழமையில் விழாமல் பார்த்துக்கொள். அந்த இரண்டு அணைக்கும் நடுவில் இருக்கிற தீவுப் பக்கம் கர்த்தருடைய நாளைக் கடுமையாக அனுசரிக்கிற ஊர்கள் பல, கடை பூட்டு. சனிக்கிழமையே பாணும் சீஸும் வாங்கிப் பையில் வை.

மூன்றாம் நாள் வழியில் ஹேர்வ்லீட் என்று ஒரு சின்ன ஊர் வரும். உன் தாளில் அது இல்லை, இருக்க வேண்டும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது கூடவே வந்தவர் பல்தேயஸ் பாதிரியார். டெல்ஃப்டில் பிறந்தவர். எங்கள் கோயில்பற்றுகளைப் பற்றியும் சனங்களைப் பற்றியும் எழுதி, தமிழ் எழுத்துகளையும் போட்டு அவர் செய்த புத்தகம் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகியது. திரும்பி வந்து ஊழியம் செய்து கண்மூடியது இந்த ஹேர்வ்லீட்டில். அவர் எங்கள் சமயத்தைப் பற்றி எழுதினதெல்லாம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஊரைப் பார்த்த ஒரு மனிசன் கடைசியில் இருந்த இடம், தேவாலயத்துப் பக்கத்தில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ.

அங்கிருந்து றொட்டர்டாம் வரை வடிவை எதிர்பார்க்காதே. எண்ணெய்த் தாங்கியும் புகைக்கூண்டும்தான். அதற்குப் பரிசாக மாஸ் சுரங்கம் இருக்கிறது. 1942இல் திறந்தது, ஆற்றுக்கு அடியால் சைக்கிளுக்கென்றே தனிக் குழாய். இறங்குவதும் ஏறுவதும் மரப்படி வைத்த பழைய நகரும் படிக்கட்டில், சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு. இறங்கும்போது முன்சில்லு பிரேக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் மருமகளுக்கு வாடகைச் சைக்கிள் எடுக்கும்போது கைப்பிரேக் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். இங்கத்தைய சைக்கிள்கள் கனக்கப் பின்பக்கம் மிதித்தால் நிற்கிறவை, கையில் ஒன்றும் இருக்காது. பழக்கமில்லாதவர் சந்தியில் வெறுங்கையை இறுக்கிக்கொண்டு நேரே போய்விடுவார்.

நாலாம் நாள் ஸ்கீ வாய்க்கால் கரையால் டெல்ஃப்ட், பிறகு வ்லீட் வாய்க்கால் கரையால் லைடன். தண்ணீரை விடாமல் பிடித்தால் வழி தவறாது. அன்றிரவு எங்கள் வீடு. உடுப்புத் தோய்த்துப் போடலாம், சோறும் கணவாய்க் கறியும் இருக்கும்.

ஐந்தாம் நாள் கட்வைக், நோர்ட்வைக், மணல்மேடுகளுக்குள்ளால் ஸாண்ட்வோர்ட், ஹார்லெம். மருமகள் ரியூலிப் வயல் கேட்டிருக்கிறாள். அது ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரைக்கும்தான், பிள்ளை. அப்போதும் கிழங்கு பெருக்க வேண்டுமென்று பூவின் தலையை மெசினால் வெட்டி வயலிலேயே கொட்டிவிடுவார்கள். ஜூனில் வந்தால் கிழங்கு கிண்ட ஆயத்தமாகிற மண்ணைத்தான் பார்க்கலாம். மணல்மேட்டில் காட்டு ரோசா பூத்திருக்கும், அதைக் காட்டு. ஆறாம் நாள் ஸ்பார்ன்டாம் வழியாக ஆம்ஸ்டர்டாம், அரைநாள் வேலை.

வழி பார்க்க போனை நம்பி இருக்காதே. இங்கே சைக்கிள் பாதைச் சந்திகளுக்கு இலக்கம் போட்டிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியியலாளர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சந்திகளுக்கு இலக்கம் போடுகிற வழக்கத்தைப் பார்த்து எடுத்த யோசனை, 1995இல் அங்கே தொடங்கி இங்கேயும் பரவிவிட்டது. 21, 34, 08 என்று அன்றைய இலக்கங்களைத் துண்டில் எழுதி ஹாண்டிலில் ரேப் போட்டு ஒட்டு. மழை வரும், பென்சிலால் எழுது. சந்திக்குச் சந்தி பச்சை இலக்கப் பலகையும் படமும் நிற்கும். இலக்கம் 99க்கு மேல் போகாததால் அதே இலக்கம் வேறு பகுதியிலும் வரும், ஊர்ப் பேரையும் பக்கத்தில் குறித்துக்கொள்.

தங்க, 'வ்ரீண்டன் ஒப் டெ ஃபீட்ஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. சைக்கிளிலோ நடந்தோ வருகிறவர்களுக்கு மட்டும் தங்கள் வீட்டில் படுக்கையும் காலைச் சாப்பாடும் தருவார்கள். ஹோட்டலில் பாதிகூட வராது. முதலில் அங்கத்தவராக வேண்டும், நான் இங்கேயிருந்து பதிந்து விடுகிறேன். வீட்டுக்காரரிடம் சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேள், பின்னேரம் ஆறுக்கு முதல் போய்ச் சேர், இரவுச் சாப்பாட்டை அவர்களிடம் எதிர்பார்க்காதே. பெந்தெகொஸ்தே விடுமுறை வாரம் என்றால் எங்கேயும் இடம் கிடைக்காது, கலண்டரைப் பார்த்துத் திகதியைப் போடு.

மருமகளுக்கு இன்னும் இரண்டு விசயம். றோட்டில் வெள்ளை முக்கோணப் பல்லுவரிசை அவள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அவள்தான் நிற்க வேண்டும். பின்னால் பெல் கேட்டால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, இரண்டையும் போட வேண்டும்.

உனக்கு அப்பாவின் சைக்கிள் சரிவரும், கரியரில் இரண்டு பக்கமும் பை கொழுவலாம். அவர் அதை இப்போதே கழற்றிப் போட்டுக் கிறீஸ் பூசிக்கொண்டிருக்கிறார். மருமகளின் உயரத்தையும், லீவு எந்தத் திகதியிலிருந்து என்பதையும் இந்தக் கிழமைக்குள் எழுது, வாடகைக் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும். ஈ-பைக் வேண்டுமா என்று அவளிடமே கேள், அவளுக்காக நீ பதில் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா