சகாராவில் சவாரோ கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கத்துக்கு ஒரு கள்ளிப் படம் போட்டு, கீழே 'சகாராவில் அந்தி நேரம்' என்று எழுதியிருந்தீர்கள். படம் அழகுதான், ஆனால் அது சகாரா இல்லை. கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தக் கள்ளி சவாரோ (ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே ஒரு 'ஜி' வரும், அந்த ஊர்க்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை). அது தானாக வளர்வது சொனோரன் பாலைவனத்தில் மட்டும்தான், அதாவது அமெரிக்காவின் அரிசோனா, மெக்சிகோவின் சொனோரா, கலிஃபோர்னியா ஓரத்தில் கொஞ்சம். கள்ளிக் குடும்பத்தில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம், அந்த ஒன்றும் மரத்தில் தொற்றி வளர்வது.

படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரிசோனாவில் டூசான் நகருக்கு வெளியே இருக்கும் சவாரோ தேசியப் பூங்காவுக்கு முதல்முறை போனபோது நானும் இதே படத்தைத்தான் எடுத்துத் தள்ளினேன். பின்னால் சிவந்த வானம், முன்னால் கறுப்பாக ஓர் உருவம். ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் முள்ளும் இல்லை, மடிப்பும் இல்லை, அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி இருந்தது. மறுநாள் விடிந்ததும் போய், பக்கவாட்டில் வெயில் விழும்படி நின்று எடுத்தபோதுதான் உடம்பு முழுக்க ஓடும் அந்த மடிப்புகள் தெரிந்தன. மழை பெய்தால் தண்ணீரை உறிஞ்சி, ஆர்மோனியத் துருத்தி போல அவை விரியும். எதிர்வெயிலில் எடுத்தால் முட்கள் பளபளவென்று மின்னி, கள்ளியைச் சுற்றி ஒரு வெள்ளிக் கோடு போட்டுவிடும். மரங்கொத்தி குடைந்த பொந்துகள்கூட அப்போதுதான் கண்ணில் பட்டன, அது காலி செய்த பிறகு குட்டி ஆந்தைகள் குடிவரும்.

பூ எடுக்க ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரைக்கும் போக வேண்டும். வெள்ளைப் பூ ராத்திரியில் விரிந்து மறுநாள் பிற்பகலுக்குள் மூடிக்கொள்ளும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். பெரும்பாலும் பூக்கள் உச்சியில்தான், 12 மீட்டர் உயரத்துக்கு அண்ணாந்து எடுத்தால் கள்ளி பின்பக்கம் சாய்கிற மாதிரி விழும். பனி கடித்துக் கை தொங்கிப்போன கள்ளியாகத் தேடினால் பூ முகத்துக்கு நேரே கிடைக்கும், எனக்கு நல்ல படங்கள் அமைந்தது அப்படித்தான். சரி, பூவையே பார்த்துக்கொண்டு பின்னால் நகராதீர்கள். அங்கே சோயா (ஆங்கிலத்தில் cholla) என்று இன்னொரு கள்ளி உண்டு, லேசாக உரசினாலே துண்டு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். எடுக்கச் சீப்புதான் வேண்டும், கையால் எடுக்கப் போனால் கையும் மாட்டும்.

படத்துக்காகச் சவாரோவில் ஏறுவது, கையைப் பிடித்துத் தொங்குவதெல்லாம் வேண்டவே வேண்டாம். முதல் 8 வருஷத்தில் ஒன்று ஒன்றரை அங்குலம்தான் வளரும், முதல் கை முளைக்கவே 50, 75 வருஷம் ஆகும். 1982இல் அரிசோனாவில் ஒருவர் விளையாட்டாக ஒரு சவாரோவைத் துப்பாக்கியால் சுட, முறிந்த கை மேலே விழுந்து செத்தே போனார்.

அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் அரிசோனாவா மெக்சிகோவா என்று படம் எடுத்தவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்