பாட்டில்லாத படத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை 'அந்த நாள்' படத்தைத் திரையிட்டோம். அறுபது நாற்காலி போதாமல் பின்னால் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

இடம் கொடுத்த நூலகத்தாருக்கும் புரொஜெக்டர் கொண்டுவந்த தம்பிக்கும் முதலில் நன்றி. பட்டப்பகலில் ஜன்னல்களை எப்படி மறைப்பது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, தையற்கடை அக்கா கறுப்புத் துணி வெட்டி, ஓரம் அடித்து, நாடா வைத்து ஒன்பது ஜன்னலுக்கும் கட்டிவிட்டார். காசு என்று பேச்செடுத்தாலே கோபம் வந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே சிவாஜி குண்டடிபட்டுச் சரிகிறார். "ஹீரோ இப்பவே செத்துட்டாரா?" என்று ஒரு பையன் கிசுகிசுத்தது முன்வரிசை வரை கேட்டது. அவ்வளவு நிசப்தம். அதில் அந்த இருட்டுக்கும் பங்கு உண்டு, அக்கா.

ஒரு பெரியவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். 1954ல் படம் வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பாட்டு, ஆட்டம், சண்டை எதுவுமே இல்லாத முதல் தமிழ்ப் படம் அது. "பாட்டு எங்கேன்னு கொட்டகையில கத்த ஆரம்பிச்சுட்டாங்க. எங்கப்பா கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்துட்டார். கொலை செஞ்சது யாருன்னு தெரியாமலே வீட்டுக்குப் போனேன்" என்று படம் தொடங்குமுன் சொன்னார். தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்ற படத்துக்கு அன்று கிடைத்த வரவேற்பு இப்படி. இயக்குநர் எஸ். பாலசந்தரின் துணிச்சலையும் ஜாவர் சீதாராமனின் கச்சிதமான எழுத்தையும் இன்று மெச்சுகிறோம். அன்று பாதியில் எழுந்து போனவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

அந்தப் பெரியவர் அப்புறம் டிவியில் பலமுறை முழுசாகப் பார்த்துவிட்டாராம். இடைவேளையில் கல்லூரிப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "தாத்தா, தம்பிதானே கொன்னது? இல்லே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரா?" என்று துளைத்தெடுத்தார்கள். ஐயா வாயைத் திறக்கவே இல்லை. சந்தேகத்துக்குள்ளான ஒவ்வொருவர் சொல்லும் கதையையும் நம்பி, அடுத்தவர் பேசியதும் மனசை மாற்றிக்கொள்வதுதானே இந்தப் படத்தின் ருசி! அதைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள், ஐயா. முன்பே பார்த்திருந்தும் மூச்சு விடாத மற்றவர்களுக்கும் அதே நன்றி.

அக்கா, துணிகளைத் துவைத்து மடித்துவிட்டேன். நாளைக் காலை கடையில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
திரையிடலை ஏற்பாடு செய்தவன்