ஞாயிற்றுக்கிழமை பேட்ச்சை நிறுத்திப்போடாதீங்க தம்பி

அன்புள்ள கோச் தம்பிக்கு,

வணக்கமுங்க. நம்ம நீச்சல் குளத்து கேட்டில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தேன். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு காலை பேட்ச் கிடையாது, போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் குளம் என்று போட்டிருக்கிறீர்கள். நேரில் வந்து கேட்டிருக்கலாம். ஆனால் நேரில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதுவுமில்லாமல் இந்த டீமின் கதையை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆபீஸில் இருக்கிற கோப்பை அலமாரியைப் பார்த்தால் முதல் மெடல் வாங்கிய அன்றைக்குத்தான் டீமே ஆரம்பித்தது என்று நினைக்கத் தோன்றும். நீங்கள் வெளியூர்க்காரர், உங்களைக் குறை சொல்ல முடியாது.

நம்ம பக்கம் மேட்டாங்காடு. கிணறெல்லாம் ஆழம். மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி இறைத்துக்கொண்டிருந்த ஊர்களுக்கு 1932-ல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மோட்டார் வந்தது, மோட்டார் இறைக்க இறைக்கத் தண்ணி மட்டம் கீழே போனது, அதைத் துரத்திக்கொண்டு கிணத்தையும் வெட்டி வெட்டி இறக்கினார்கள். அந்தக் கிணறுகளில்தான் எங்கள் தலைமுறை பழகியது. முதுகில் மிதப்புக்குச் சொரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்காய்க் கூட்டைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, தாய்மாமன் மேலே நின்றுகொண்டு தள்ளிவிடுவார். மோட்டார் ரூம் திண்டிலிருந்து குதிக்காத பையனை ஆம்பளைப் பையன் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். பொம்பளைப் பிள்ளைகளும் நீந்துவோம், பெரிய மனுசி ஆகிற வரைக்கும். அப்புறம் கிணத்து மேட்டோடு சரி.

பிறகு போர்வெல் வந்தது. ஐந்நூறு அடி, ஆயிரம் அடி என்று போட்டார்கள். கிணறெல்லாம் வறண்டு, அதில் குப்பையைக் கொட்ட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் பழக இடமில்லை. மிச்சமிருந்தது வாய்க்கால்தான். பவானிசாகர் அணை 1955-ல் முடிந்து கீழ்பவானி வாய்க்கால் ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்தச் சீமையின் சாப்பாடே அதுதான். 200 கிலோமீட்டர் நீளம், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். ஆனால் கிணத்துத் தண்ணி நிற்கிற தண்ணி, வாய்க்கால் தண்ணி ஓடுகிற தண்ணி. மேலே பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும், அடியில் இழுக்கும். கரையில் சிமெண்ட் போட்ட இடமாக இருந்தால் பாசி பிடித்து வழுக்கும், கையைப் போட்டு ஏற ஒரு பிடிமானம் இருக்காது.

ஒரு காலாண்டு லீவில் இரண்டு பையன்கள் வாய்க்காலோடு போய்விட்டார்கள். பங்காளிப் பிள்ளைகள். ஒருத்தன் கால் கழுவப் போய் வழுக்கினான், இன்னொருத்தன் அவனைப் பிடிக்கக் குதித்தான். இரண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை, அந்தக் குடும்பம் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறது.

டீம் ஆரம்பித்ததற்குக் குற்றாலீசுவரனைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. ஈரோட்டில் பிறந்த பையன், 1994-ல் ஒரே வருஷத்தில் ஆறு நீரிணைகளை நீந்தி, மிகிர் சென் 1966-ல் ஐந்தை நீந்தி வைத்திருந்த சாதனையை முறியடித்தார். பேப்பரில் படம் வந்ததும் ஊரில் எல்லோரும் பையனை நீச்சலில் விடவேண்டும் என்று பேசினார்கள், அது உண்மை. பேசினதோடு சரி, அதுவும் உண்மை. குளம் தேடி அலைய வைத்தது அந்த இரண்டு பையன்களின் சாவுதான்.

பூட்டிக் கிடந்த ஒரு மில் காம்பவுண்டுக்குள் தண்ணித் தொட்டி ஒன்று இருந்தது. கையில் காலில் விழுந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேட்டு வாங்கினோம். நீளம் இருபது மீட்டர், நெஞ்சளவு தண்ணி, பிளீச்சிங் பவுடரை யார் போடுகிறார்களோ அவர்கள் கைக்கு வந்த அளவு. பிள்ளைகள் கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்கு வரும். காசு கிடையாது, நீ மிதக்கக் கற்றுக்கொண்டால் அடுத்து வருகிற சின்னப் பிள்ளைக்கு நீ சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுதான் ஃபீஸ். இப்போது நீங்கள் நிறுத்துகிற பேட்ச் அதேதான் தம்பி.

போட்டியெல்லாம் தற்செயலாக வந்தது. மாவட்டப் போட்டிக்கு முதல் தடவை கூட்டிக்கொண்டு போனதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஐம்பது மீட்டர் குளம். நம்ம பிள்ளைகள் இருபது மீட்டர் போனதும் கையை நீட்டிச் சுவரைத் தேடுகிறார்கள்! ஒரு பையன் நின்றே விட்டான். கிணத்தில் பழகிய இன்னொரு பையன், உள்நீச்சலில் அவனை அடிக்க ஆளில்லை, விசில் அடித்ததும் குதித்தவன் பாதிக் குளம் தாண்டித்தான் மேலே வந்தான். கேலரியில் எல்லோரும் கைதட்டினார்கள், நடுவர் கொடியைத் தூக்கினார். ஃப்ரீஸ்டைலில் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும் என்ற விதி எங்களில் யாருக்குத் தெரியும்? தவளை நீச்சலில் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொடவேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது, அதில் ஒரு பிள்ளையைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இன்னொரு சங்கடம், எல்லோரும் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவார்கள். வாய்க்காலில் எதிரே என்ன வருகிறதென்று பார்த்துக்கொண்டே போகிற பழக்கம், அப்பன் நீந்துவதைப் பார்த்து மகனுக்கும் வந்துவிடும். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், வேகம் எங்கிருந்து வரும்? முகத்தைத் தண்ணிக்குள் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்சு வாங்க வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உங்களுக்கு இது தெரியும், எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

பொம்பளைப் பிள்ளைகளைத் தண்ணிக்குள் இறக்கியது தனிக் கதை. துணிதான் முதல் தகராறு. கடையில் விற்கிற நீச்சல் உடை கட்டுபடியாகாது, கட்டுபடியானாலும் பாட்டிமார் விடமாட்டார்கள். திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி கட் பீஸ் வாங்கி வந்து, கை முட்டி வரைக்கும் கால் முட்டி வரைக்கும் தைத்துக் கொடுத்தோம். பருத்தித் துணி, தண்ணியில் நனைந்ததும் கனத்துத் தொங்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் ஒரு கையால் நீந்தி ஒரு கையால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்கள். அடுத்த தடவை நீளுகிற துணியாகப் பார்த்து வாங்கினோம். அம்மாக்கள் கரையில் உட்கார்ந்து காவல் இருப்பதாகப் பேச்சு, நாலு வாரத்தில் அம்மாக்களும் இறங்கிவிட்டார்கள். நான் விட்டுப்போன நீச்சலைத் திரும்பப் பிடித்தது அப்போதுதான்.

டைம் எழுதினது எங்கள் வீட்டுத் தறிக் கணக்கு நோட்டில். முன்பக்கம் நூல் பாக்கி, பின்பக்கம் பிள்ளைகள் பெயரும் விநாடியும். இருபது மீட்டர் குளத்து டைமை வைத்துக்கொண்டு வெளியே யாரிடமும் பேச முடியாது, ஆனால் போன மாதத்துக்கு இந்த மாதம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாமல்லவா?

இப்போதிருக்கிற 25 மீட்டர் குளம் வந்த கதையை விட்டுவிடுகிறேன், அது வசூல், மனு, கல்வெட்டில் யார் பெயர் மேலே என்கிற சண்டை. கஷ்டகாலத்தை மட்டும் சொல்கிறேன். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி மாநிலம் என்று அறிவித்தார்களே, அந்த வருஷம் குடிக்கவே லாரித் தண்ணி. குளத்தில் தண்ணி நிரப்பினால் ஊர் காறித் துப்பும், நியாயமும்கூட. காய்ந்த குளத்துக்குள் சைக்கிள் டியூபைக் கம்பியில் கட்டி இழுத்துப் பயிற்சி செய்தார்கள். 2020-ல் கொரோனாவுக்குக் குளத்தைப் பூட்டினார்கள். கொஞ்சம் தண்ணி ஊறியிருந்த கிணறுகளைத் தேடி எங்கள் பிள்ளைகள் போனார்கள், கூடவே கற்றுக்கொண்ட அம்மாக்கள் கயிறோடு மேலே நின்றார்கள். அந்த இரண்டு தடவையும் டீம் கலைந்துபோகாததற்குக் காரணம் மெடல் வாங்கிய ஐந்தாறு பேர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள்.

சரி, உங்கள் பக்கத்தையும் பார்க்கிறேன். ஆறு லேன்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் குறுக்கே வந்தால் பெரியவர்கள் முழு வேகத்தில் போக முடியாது. பெரியவர்கள் சொல்லிக்கொடுக்க நின்றால் அவர்கள் பயிற்சி போகிறது. மாநில அளவில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு எவ்வளவு பாடு என்று நோட்டு எழுதின எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்குத்தான் தன் கை எங்கே தப்பாகப் போகிறதென்று உறைக்கிறது. அதை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன்.

நாட்டில் வருஷத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் தண்ணியில் மூழ்கிச் சாகிறார்கள் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. ஞாயிறு பேட்ச்சில் கற்றுக்கொடுப்பது நாலே சங்கதி: போட்ட துணியோடு மல்லாக்க மிதப்பது, இழுப்பை எதிர்த்து நீந்தாமல் அதன் போக்கிலேயே போய்ச் சாய்வாகக் கரையைப் பிடிப்பது, மதகுப் பக்கம் போகாமல் இருப்பது, யாராவது விழுந்தால் குதிக்காமல் வேட்டியையோ சேலையையோ கயிறையோ வீசுவது. இதற்கு ஆறு லேன் வேண்டாம். ஆழம் குறைந்த பக்கத்தில் இரண்டு லேன், காலை ஏழிலிருந்து எட்டரை வரைக்கும். மீதி நாலு உங்களுக்கு. போட்டி இருக்கிற வாரம் பெரிய பிள்ளைகளை விட்டுவிடுங்கள், நாங்கள் அம்மாக்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஆகஸ்ட் பதினைந்து வாக்கில் வாய்க்காலில் தண்ணி விடுவார்கள். அதற்குள் இந்த வருஷத்துப் பிள்ளைகள் மிதக்கப் பழகியிருக்க வேண்டும். வருகிற கமிட்டிக் கூட்டத்துக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன், நீங்களும் இருங்கள், லேன் கணக்கை உட்கார்ந்து போட்டுவிடலாம். அதுவரைக்கும் கேட்டில் இருக்கிற அந்தப் பேப்பரை மட்டும் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நோட்டுக்கார அக்கா